பதிந்த காருக்குச் சில்லுத் தேடியது

என் அண்ணன் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது தன் காரை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அறுபதுகளின் தொடக்கம். நான் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு டொக்டராக மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சொந்தக் கார் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நல்ல பச்சை நிறம், நான்கு கதவு, சுத்தமான இருக்கைகள். ஒரே ஒரு குறை, அது நிலத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

அண்ணனுக்குக் காரோட்டப் போட்டிகளில் பைத்தியம். வளைவுகளில் கார் சரியக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் இரண்டு பட்டைகளைக் கழற்றிவிட்டு, காருக்கு உரிய பதினைந்து அங்குலச் சக்கரச் சில்லுகளையும் மாற்றிப் பதின்மூன்று அங்குலச் சில்லுகளைப் பூட்டியிருந்தார். கொழும்புத் தார் வீதியில் அது வழுக்கிக்கொண்டு போயிருக்கும். எனக்கோ செவ்வாய்க்கிழமை அக்கராயனில் கிளினிக், வெள்ளிக்கிழமை பூநகரியில் கிளினிக். இரண்டுக்கும் போவது கிரவல் பாதை. மாட்டு வண்டிகளும் டிரக்டர்களும் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, நடுவில் மண் மேடாக எழும்பிப் புல்லும் முளைத்திருக்கும்.

முதல் வாரமே அந்த மேடு காரின் அடிவயிற்றைச் சுரண்டத் தொடங்கியது. என்னோடு கிளினிக்குகளுக்கு உதவிக்கு வரும் அற்றென்டன் அக்கா நல்ல பருமனான ஆள். வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த குடும்பம். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார். அக்கராயன் பாதையில் ஒரு நாள் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. நான் அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் அக்கா பின்கண்ணாடியால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"டொக்டரம்மா, எங்களுக்குப் பின்னால கறுப்பா ஒரு கோடு வருகுது."

இறங்கிப் பார்த்தேன். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் சட்டி கல்லில் மோதி வெடித்திருந்தது. எண்ணெய் முழுவதும் வீதியில். வயலில் நின்ற ஒருவர் டிரக்டரில் கயிறு கட்டி எங்களைக் கிளிநொச்சி வரை இழுத்து வந்தார். வழி நெடுக அவருக்குச் சிரிப்பு. "கார் எண்டு பார்த்தா, நடு றோட்டை உழுதுகொண்டெல்லோ வருகுது! எங்கட கலப்பைக்கு வேலையில்லாமல் பண்ணப்போறியள்."

கண்டி வீதியோரம் ஒரு கராஜ் இருந்தது. வைத்திருந்தவர் வவுனியாப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் மனிதர். என் வயதுதான் இருக்கும். ஊரில் எல்லோரும் அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. கார் வந்து நின்றதும் ஓட்டி வந்தவர் எங்கே என்று அவர் எனக்குப் பின்னால் பார்த்தார். நான்தான் என்றேன். "அப்படியோ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காருக்கடியில் பாயைப் போட்டுப் புகுந்தார்.

வெளியே வந்தபோது முடிவோடுதான் வந்தார். "சட்டியை ஒட்டித் தாறன். ஆனா இந்தக் காரை இப்பிடி ஓடேலாது. கழட்டின ஸ்பிரிங் பட்டைக்குப் பதிலா வேற பட்டை போட்டு, பதினைஞ்சு அங்குலச் சில்லும் பூட்டினா நாலு அங்குலம் எழும்பும். பிறகு ஒரு கரைச்சலும் இல்லை."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அடுத்த திங்கட்கிழமை காரை விடுவதாகச் சொன்னேன்.

இடையில் வந்தது வெள்ளிக்கிழமை. பூநகரிக் கிளினிக்கில் ஒரு பெண், முதல் பிள்ளைத்தாச்சி. இரண்டு காலும் வீங்கி, இரத்த அழுத்தமும் ஏறி இருந்தது. ஆஸ்பத்திரியில் வந்து இருக்கும்படி போன முறையே சொல்லியிருந்தேன். அவள் வரவில்லை. பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் அம்புலன்ஸோ பழைய வான், அதன் படி இடுப்பளவு உயரம். ஒரு தடவை அதில் ஏறப் போய்க் கால் வழுக்கி விழப் பார்த்ததிலிருந்து அவளுக்குப் பயம்.

"என்னோட காரில வாறீரோ?" என்று கேட்டேன்.

அவள் காரைப் பார்த்தாள். நடந்து போய்க் கதவைத் திறந்து, திரும்பி நின்று, அப்படியே பின்பக்கமாக இருக்கையில் இருந்தாள். பிறகு இரண்டு காலையும் தூக்கி உள்ளே வைத்தாள். யாரும் பிடிக்கவில்லை, தூக்கவில்லை.

"கதிரையில இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள்.

அன்று பரந்தனில் கண்டி வீதியில் ஏறும் வரை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினேன். அடியில் சுரண்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கதை பரவிவிட்டது. கிளினிக் வாசலில் நின்ற பெண்கள் என்னைத் தேடவில்லை. "பதிஞ்ச கார் வந்திட்டுதோ?" என்றுதான் கேட்டார்கள்.

எனக்கும் ஒரு சொந்தக் காரணம் இருந்தது, அதை மறைப்பானேன். நான் கட்டை. சேலையோடு மற்றக் கார்களில் ஏறுவதும் இறங்குவதும் எனக்குக் கஷ்டம். இந்தக் காரில் மட்டும்தான் இருந்த இடத்திலிருந்தே கால் நிலத்தில் படும்.

சொன்ன திங்கட்கிழமை நான் போகவில்லை. அந்த இரண்டாம் வெள்ளி கழிந்து வந்த சனிக்கிழமைதான் கராஜுக்குப் போனேன். "ஸ்பிரிங்கில கை வைக்க வேண்டாம். வாசல் இப்ப இருக்கிற மாதிரிப் பதிவா இருக்கவேணும். ஆனா அடி முட்டக் கூடாது" என்றேன்.

நானா கையிலிருந்த நட்டுக் கழற்றும் சாவியைக் கீழே வைத்தார். "வாசல் பதியவேணும், வயிறு எழும்பவேணும்! டொக்டரம்மா, உங்களிட்டை ஆராவது இப்பிடி ஒரு வருத்தத்துக்கு மருந்து கேட்டிருக்கினமோ?" என்று வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "ஸ்பிரிங் இல்லையெண்டா மிச்சம் இருக்கிறது சில்லு ஒண்டுதான். கொஞ்சம் பெரிசாப் போட்டுப் பாப்பம்."

"பதினைஞ்சு அங்குலம் போடுங்கோ. இரண்டு அங்குலம் எழும்பும்தானே?"

"ஒண்டுதான் எழும்பும்."

"இரண்டு அங்குலம் பெரிய சில்லெண்டா இரண்டு அங்குலம்" என்றேன். கணக்கில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவர் வாதாடவில்லை. ஒரு தடியை எடுத்து மணலில் ஒரு வட்டம் கீறினார். அதைச் சுற்றி இன்னொரு பெரிய வட்டம். நடுவில் ஒரு புள்ளி குத்தினார். "இது அச்சு. மேல ஒரு அங்குலம் போகுது, கீழ ஒரு அங்குலம் வருகுது. உங்களைத் தூக்கிறது கீழ வாறது மட்டும்தான். மேல போறது, சில்லை மூடியிருக்கிற மட்காட்டுக்குப் போகுது."

கூட வந்திருந்த அற்றென்டன் அக்கா மணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கே விளங்குது" என்றார்.

பழைய பதினைந்து அங்குலச் சில்லுகள் கொழும்பில் அண்ணனின் நண்பர் வீட்டில் இருந்தன. ரயிலில் வரவழைத்தேன். பூட்டியதும் கார் அழகாக நிமிர்ந்து நின்றது. கண்டி வீதியில் நானும் நானாவும் ஓட்டிப் பார்த்தோம். ஒரு சத்தமும் இல்லை. செவ்வாய்க்கிழமை அக்காவையும், மருந்துப் பெட்டிகளையும், வழியில் ஏறிய இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு அக்கராயனுக்குப் புறப்பட்டேன். இரண்டாவது பள்ளத்தில் விழுந்ததுமே பின்னாலிருந்து 'சீர்ர்' என்று ஒரு கிழிசல் சத்தம். பிறகு ரப்பர் எரியும் மணம். பெண்கள் இருவரும் மூக்கைப் பொத்தினார்கள்.

"என்ர பாரத்தாலதான்" என்று அக்கா முகம் சுருங்கிப் போனார். எப்போதும் துடுக்காகப் பேசும் அக்காவை அப்படிப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. "உங்களை ஏத்தத் தெரியாத கார் என்னத்துக்கு?" என்றேன். அதைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு யோசித்தால் அதுதான் உண்மை. தினமும் ஓடும் கார், ஓட்டுகிறவளுக்காக மட்டும் ஓடுவதில்லை.

கராஜில் நானா சில்லின் ரப்பர் ரயரைத் தடவிப் பார்த்தார். மட்காட்டின் விளிம்பு கத்தி போல அதைச் சீவியிருந்தது. "பிழை என்ர. ஆளில்லாத காருக்குச் சில்லுப் பாத்திட்டன்" என்றார். "ஆக்களை ஏத்திப் பாக்கவேணும். நாளைக்குக் கொஞ்சம் பேரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

கூட்டிக்கொண்டு போனேன். அற்றென்டன் அக்கா, ஆஸ்பத்திரிச் சமையல்காரர், அம்புலன்ஸ் சாரதி. நானா குளத்திலிருந்து ஈரக் களிமண் கொண்டுவந்து வைத்திருந்தார். அதைப் பிசைந்து மட்காட்டுக்குள் ரயருக்கு மேலே அப்பினார். வெளி விளிம்பிலும், உள்ளே ஸ்பிரிங் பக்கத்திலும் அப்பினார். "எல்லாரும் ஏறுங்கோ. ரயில் கடவை வரைக்கும் போய்த் திரும்பி வாங்கோ. பள்ளம் ஒண்டையும் விடவேண்டாம்."

வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் பள்ளங்களைத் தேடித் தேடிக் கார் ஓட்டினேன். சமையல்காரர் ஒவ்வொரு குலுக்கலுக்கும் "முருகா" என்றார். அம்புலன்ஸ் சாரதி, "டொக்டர், அந்த வலப்பக்கத்துக் கிடங்கை விட்டிட்டீங்கள்" என்று எடுத்துக் கொடுத்தார். அக்கா சிரித்த சிரிப்பில் கார் இன்னும் பதிந்திருக்கும்.

திரும்பி வந்ததும் நானா சில்லுகளைக் கழற்றிக் களிமண்ணைப் பார்த்தார். மேலே அப்பியதை ரயர் முழுதாகத் துடைத்துக்கொண்டு போயிருந்தது. மற்ற இடங்களில் மிஞ்சியதைக் கத்தியால் வெட்டி, ஒவ்வொரு துண்டின் தடிப்பையும் அடிமட்டத்தால் அளந்து சுவரில் சோக்கால் எழுதினார்.

"பதினைஞ்சு சரிவராது. பதிமூண்டு காணாது. அப்ப பதினாலு" என்றார்.

பதினான்கு அங்குலச் சில்லுகள் ஐந்து, வவுனியாவில் பழுதாகிக் கிடந்த ஒரு வானில் இருந்தன. அவரே போய்க் கழற்றிக்கொண்டு வந்தார். நட்டுத் துளைகள் கச்சிதமாகப் பொருந்தின. ஆனால் பூட்டிய பிறகு சில்லுகள் நான்கும் மட்காட்டின் விளிம்பு வரை பிதுங்கிக்கொண்டு நின்றன.

அப்போதுதான் ஒரு விஷயம் எனக்கு விளங்கியது. சில்லுக்கு அளவு மட்டும் இருந்தால் போதாது. நட்டுப் போட்டு அச்சோடு பூட்டுகிற நடுத்தட்டு, றிம்மின் அகலத்துக்குள் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் இருக்கிறது. தட்டு உட்பக்கமாக இருந்தால் சில்லு வெளியே தள்ளும். வெளிப்பக்கமாக இருந்தால் சில்லு உள்ளே ஒதுங்கும். நானா அதைக் 'குழி' என்பார். "இந்தச் சில்லுக்குக் குழி கூடிப்போச்சு. ஒரு கிழமை விட்டிட்டுப் போங்கோ, பாப்பம்."

எனக்குப் பொறுமை இல்லை. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. "பூநகரிக்கு ஒருக்காப் போயிட்டு வந்து தாறன்" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவர் தலையைச் சொறிந்தாரே தவிர மறிக்கவில்லை.

அன்று காலையில் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. ஸ்டியரிங் கல்லைப் போலக் கனத்தது. ஒவ்வொரு பள்ளமும் அதை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. முழுதாகத் திருப்பினால் முன் ரயர் விளிம்பில் உரசியது. எல்லாவற்றையும் விட மோசம் சேறு. மட்காட்டின் விளிம்பில் நின்ற ரயர், சேற்றை அள்ளி இரண்டு பக்கமும் வீசிக்கொண்டு வந்தது. பூநகரிச் சந்திக்குக் கிட்ட, வெள்ளை வேட்டியும் வெள்ளைக் கோட்டுமாக ஊர்த் தலைமைக்காரரான விதானையார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எனக்கு மரியாதையாக ஒதுங்கி நின்றார். நான் மெதுவாகத்தான் போனேன். ஆனாலும் அவருடைய வேட்டி, கோட்டு, மூக்குக்கண்ணாடி எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன.

காரை நிறுத்திவிட்டு ஓடிப் போனேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்டேன் என்று நினைவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்கச் சேறு பரவியது.

"பரவாயில்லைப் பிள்ளை. ஒரு தலைக்குத்துக்கு உங்களிட்டை மருந்து எடுக்கத்தான் வந்தனான்" என்றார். "இப்ப குளிச்சிட்டு வாறன்."

அக்கா காருக்குள் குனிந்து சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து காரை நானாவிடம் ஒப்படைத்தபோது அவர் சில்லுகளில் ஒட்டியிருந்த சேற்றைத்தான் முதலில் பார்த்தார். அக்கா எல்லாவற்றையும் தாமாகவே சொல்லிவிட்டார். பிறகு மறுபடி களிமண். மறுபடி ரயில் கடவை. சமையல்காரர் இந்த முறை வர மறுத்துவிட்டதால் அவர் நிறைக்கு ஒரு மூட்டை அரிசியை வைத்தோம். சுவரில் சோக்கால் புதுக் கணக்கு: வெளிப்பக்கம் மிஞ்சியது கால் அங்குலம், உட்பக்கம் ஒன்றேகால்.

"அப்ப அரை அங்குலம் உள்ளுக்குத் தள்ளினா இரண்டு பக்கமும் முக்கால், முக்கால்" என்றேன். இந்த முறை என் கணக்குச் சரி.

"முன்னுக்கு அது சரி. முன் சில்லு திரும்புறது, அதுக்கு உள்ளுக்கும் இடம் வேணும். பின் சில்லு திரும்பாது. ஆக்கள் ஏறினா மட்காட்டுத்தான் கீழ வரும். அதாலை பின்னுக்கு முக்கால் தள்ளுவம். வெளியில இன்னும் இடம் கிடைக்கும்."

நான் கொஞ்சம் யோசித்தேன். "நானா, பின்னுக்கு ஒரு குழி, முன்னுக்கு ஒரு குழி. அப்ப ஐஞ்சாவது சில்லு? பூநகரிப் பாதையில காத்துப் போனா எதைப் பூட்டுறது?"

அவர் காரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"ஓம்" என்றார் கடைசியில். "எல்லாம் அரை அங்குலம். ஐஞ்சும் ஒரே மாதிரி." சுவரில் இருந்த முக்காலைக் கையால் அழித்தார். "நான் காருக்குப் பாத்தன். நீங்கள் பாதைக்குப் பாத்தியள்."

பரீட்சைகளில் வாங்கிய புள்ளிகள் பல எனக்கு மறந்துவிட்டன. இந்தச் சொல் மறக்கவில்லை.

ஐந்து சில்லுகளின் நடுத்தட்டுகளையும் வெட்டி எடுத்து, அரை அங்குலம் வெளித்தள்ளி வைத்து வெல்டிங்கில் ஒட்டினார். ஒவ்வொன்றையும் பூட்டிச் சுழலவிட்டு, றிம்முக்குக் கிட்ட அசையாமல் ஒரு சோக்கைப் பிடித்தார். சுற்றிலும் ஒரே அளவாகக் கோடு விழுந்தால் சில்லு நேராக இருக்கிறது என்று அர்த்தம். நான்கு நேராக நின்றன. ஐந்தாவதில் கோடு பாதியில் அறுந்தது. அதை மறுபடி வெட்டி மறுபடி ஒட்டினார். பதினைந்து அங்குலத்தைவிடத் தாழ்வாகவும் பதின்மூன்றைவிட உயரமாகவும் நிற்கும் சதைப்பற்றான ரயர்களைத் தேடிப் போட்டார். எண்ணெய்ச் சட்டிக்குக் கீழே தடித்த இரும்புத் தகடு ஒன்றையும் கேடயம் போலப் பூட்டினார்.

எல்லாம் முடிந்து அளந்து பார்த்தால் கார் உயர்ந்தது முக்கால் அங்குலம். "இந்த முக்கால் அங்குலத்துக்கோ இவ்வளவு பாடு!" என்றார் அக்கா. ஆனால் காரில் ஏறி இருந்து பார்த்துவிட்டு, "கால் இன்னும் நிலத்தில படுகுது" என்று ஒப்புக்கொண்டார்.

மிச்சத்தை நான் ஓட்டும் விதத்தில் சரிசெய்துகொண்டேன். பள்ளத்துக்குள் சில்லை இறக்காமல், ஒரு பக்கச் சில்லை நடு மேட்டிலும் மற்றதைப் பாதை ஓரத்திலும் வைத்து ஓட்டப் பழகினேன். முன்பு அப்படி ஓட்டினால் ரயர் உரசும். இப்போது உரசவில்லை. அந்த மாரி முழுவதும் ஓடினேன். அடியில் சத்தம் கேட்டால் அது புல் உரசுகிற சத்தம்தான்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பூநகரியில் ஒரு பெண்ணுக்கு நாள் நெருங்கியிருந்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. தாமதிக்க முடியாது. அவளும் மாமியாரும் அக்காவும் காருக்கு வந்தார்கள். கூடவே காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் மூட்டை ஒன்று, ஒரு பெட்டி கருவாடு, இரண்டு கோழிகள்.

"அம்மா, ஆக்களுக்குத்தான் அளந்த சில்லு. மூட்டைக்கு அளக்கேல்லை" என்றார் அக்கா.

"கோழிக்கு என்ன பாரம் இருக்கு?" என்றார் மாமியார்.

கோழிகள் மட்டும் ஏறின. பரந்தன் வரை மெதுவாக ஓட்டினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் காது ரயரில்தான். ஒன்றும் கேட்கவில்லை. பாதி வழியில் பின்னால் பேச்சே இல்லாததால் எனக்குப் பயம் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண் மாமியாரின் தோளில் சாய்ந்து நித்திரை. மாமியாரும் நித்திரை. கோழிகள்கூட.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் தானே காலை வெளியே வைத்து எழுந்து நின்றாள். மாலையில் சத்திரசிகிச்சைக்கு யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். அதற்குள் பிள்ளை தானாகவே திரும்பித் தலை கீழே வந்துவிட்டது. அடுத்த நாள் மத்தியானம் பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

அந்தச் செய்தியோடு, அக்காவையும் கூட்டிக்கொண்டு கராஜுக்குப் போனேன். நானாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அல்லா காவல்" என்றார். உடனே பாயைப் போட்டுக் காருக்கடியில் புகுந்துவிட்டார். அவருக்குத் தன் வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"ரயரில ஒரு கீறல் இல்லை. ஸ்பிரிங்கில முட்டேல்லை" என்று அடியிலிருந்து குரல் வந்தது. பிறகு தகட்டைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "தகட்டில ஒரு பெரிய அடி பட்டிருக்கே, டொக்டரம்மா? பூநகரிப் பாதையிலயோ?"

நான் குனிந்து சேலை மடிப்பைச் சரிசெய்தேன்.

"பாதையில இல்லை" என்றார் அக்கா. "ஆஸ்பத்திரி வாசல்ல பூச்சட்டி வைக்கிற கல்லு ஒண்டிருக்கெல்லோ, அதுக்கு மேல டொக்டரம்மா காரைப் பின்னுக்கு எடுத்தவா."

காருக்கடியில் ஒரு சிரிப்பு வெடித்தது. அவர் வெளியே வர வெகு நேரமானது.